பதிவேட்டை எண்ணாதீர்கள், ஊரில் இருக்கிற பிள்ளைகளை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு பிள்ளைகூட சேராத அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, ஜனங்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள், பெற்றோருக்கு ஆங்கில வழி மீது மோகம் என்று மூன்று காரணம் போட்டிருந்தீர்கள். மூன்றும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020 கணக்கிலேயே வந்துவிட்டது, எங்கள் தெருவிலும் ஒத்தைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம். ஆனால் நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது, அதை எந்த அதிகாரியும் பேட்டியில் சொல்லமாட்டார். ஒரு பள்ளியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டால் அந்தப் பேச்சே போதும், இரண்டு ஜூன் மாதத்துக்குள் அந்தப் பள்ளி தானாகக் காலியாகிவிடும். அப்புறம் வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பிள்ளைகளே இல்லையே, நாங்கள் என்ன செய்வது என்று கையை விரிப்பார்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு மானாவாரிக் கிராமம் எங்களுடையது. என் மகள் மூன்றாம் வகுப்பு, மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து பெற்றோர்கள் நாங்கள் அலைந்துகொண்டிருக்கிறோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போகும், வெட்டிப் போடுவதானாலும் சரி, எல்.கே.ஜி. பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் ஒரு பள்ளி எப்படிக் காலியாகிறது என்று சொல்கிறேன். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் ஒரு தலைமையாசிரியர், ஒரு டீச்சர் என்று இரண்டு பேர் இருந்தார்கள். டீச்சர் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் நிரப்பப்படவேயில்லை. மிச்சம் இருக்கிற ஒருத்தர்தான் ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுக்க வேண்டும், எமிஸ் என்கிற கல்வித் துறையின் இணையப் பதிவில் வருகையை ஏற்ற வேண்டும், எண்ணும் எழுத்தும் பயிற்சிக்குப் போக வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும், இதற்கு நடுவில் ஏதாவது ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கும் போய்வர வேண்டும். அவர் இல்லாத நாளில் மாற்றுப்பணியில் வேறு பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். எங்கள் ஊருக்கு மினி பஸ் பத்தரைக்குத்தான், அதனால் அவர் பத்தரைக்கு வருவார், சில நாள் வரவும் மாட்டார். அன்றைக்குக் காலை உணவு சமைக்கிற அக்காதான் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைப்பார்.

நூறு நாள் வேலைக்குப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம், அதனால் இதெல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடக்கிறது. ஒன்பதரை மணிக்கு வகுப்பறைக் கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்தால் எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்? அதே ஊரில் ஏழரைக்கே மஞ்சள் வேன் மந்தையில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. டை கட்டி ஷூ மாட்டி ஏறுகிற பிள்ளைகளை, ஏறாத பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். கழுத்தில் கிடப்பதை அடகு வைத்தாவது நம் பிள்ளையையும் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். பூட்டிக் கிடக்கிற பள்ளியை விட்டுத் திறந்திருக்கிற பள்ளிக்கு அனுப்புவதில் என்ன மோகம் இருக்கிறது, சொல்லுங்கள். இதற்கு மேல் இணைப்பு என்ற பேச்சு வேறு. நடு வருஷத்தில் பள்ளியை மூடிவிட்டால் பிள்ளை எங்கே போகும் என்ற பயத்திலேயே போன ஜூனில் நாலைந்து வீட்டில் டி.சி. வாங்கிவிட்டார்கள்.

இப்போது எல்.கே.ஜி. விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய காரணம். அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது, பிள்ளைக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் பள்ளி மூன்று வயதிலேயே வாங்கிக்கொள்கிறது. இரண்டு வருஷம் ஒரு இடத்தில் படித்து, கூட்டாளிகள் பிடித்து, ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிப் பழகின பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து உள்ளூர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் எந்தப் பெற்றோர் சேர்ப்பார்கள்? மார்ச் மாதம் மாணவர் சேர்க்கைப் பேரணி என்று பதாகையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வருகிறார்கள், ஆனால் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை அப்போதே யு.கே.ஜி. முடிக்கப்போகிறது. போட்டி எப்போதோ முடிந்துவிட்டது, இவர்கள் இப்போதுதான் மைதானத்துக்கு வருகிறார்கள்.

இதற்கு அரசாங்கமே பணமும் கட்டுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பு இடங்களில் 25 சதவீதம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு, கட்டணத்தை அரசு திருப்பித் தரும். நுழைவு வகுப்பு என்றால் பெரும்பாலும் எல்.கே.ஜி.தான். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, என் அண்ணன் மகனே அப்படித்தான் படிக்கிறான், நன்றாகவும் படிக்கிறான். ஆனால் மூன்று வயதில் தன் கைக்காசைப் போட்டு அந்தப் பக்கம் அனுப்பிவைத்துவிட்டு, ஐந்து வயதில் இந்தப் பக்கம் திரும்பி, உங்கள் பள்ளியில் ஆளைக் காணோமே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் அதை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தொடர்ந்து நடக்கும் என்றார்கள். நல்ல காரியம், வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள். ஆனால் அதிகம் தேவைப்படுவது எங்களைப் போன்ற சின்னத் தொடக்கப் பள்ளிகளுக்குத்தான். இங்கே அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நடுவில் அந்த ஒரே வேப்பமரம்தான். அந்தப் பக்கம் முட்டையும் சத்துமாவும் உண்டு, எல்.கே.ஜி. கிடையாது. ஒரு டீச்சரைப் போட்டு, நாலு பொம்மையும் ஒரு கரும்பலகையும் கொடுத்து, காலையில் மூன்று மணி நேரம் நடத்தினாலே வேனில் பாதிப் பிள்ளை குறையும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். என் மகளுக்கு அதை நம்பித்தான் நானும் இருக்கிறேன். ஆனால் விவரமான பெற்றோர் போடுகிற கணக்கு என்ன தெரியுமா, அஞ்சாவது வரை மெட்ரிக், ஆறாவதிலிருந்து கவர்மென்ட். டவுன் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தள்ளுமுள்ளு, இங்கே ஒன்றாம் வகுப்பு காற்று வாங்குகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவருக்கு என்று சின்னதாக ஏதாவது கூடுதல் சலுகை வைத்தால்கூடக் கணக்கு மாறும். செலவுகூட பெரிதாக ஆகாது.

சரி, இணைப்புக்கு வருவோம். "மூடவில்லைம்மா, பக்கத்துப் பள்ளியோட இணைக்கத்தான் செய்றோம், ஒன்றரைக் கிலோமீட்டர்தானே" என்றார் எங்களிடம் பேசிய அதிகாரி. குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, அதைச் சொன்னதற்குச் சிரித்தார். அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் கண்மாய்க் கரை மேலே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால் பெரியவர்களுக்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரை வேண்டாம் என்றால் நான்குவழிச் சாலையைக் கடந்து சுற்றிப் போக வேண்டும். சாலை நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள், பூத்துக் குலுங்குகிறது, பார்க்க அழகுதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதற்குப் பின்னால் நின்றால் லாரிக்காரர் கண்ணுக்குத் தலைகூடத் தெரியாது. இந்த வழியில் அந்த அதிகாரி தன் பிள்ளையை விட வேண்டாம், அவர் ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும்.

காலை உணவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். அரசாங்கம் செய்ததிலேயே எங்கள் ஊர்ப் பெண்கள் வாயார வாழ்த்துவது இதைத்தான். நாங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறது, புதன்கிழமை பொங்கல் என்றால் என் மகளை எழுப்பவே வேண்டாம். பள்ளி பக்கத்து ஊருக்குப் போய்விட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு அவள் ஏழரைக்கே கண்மாய்க் கரையில் நடக்க வேண்டும். யார் கூடப் போவது? சமைக்கிற அக்காவுக்கும் வேலை போய்விடும், சத்துணவில் இருக்கிறவரை எங்கே மாற்றுவார்களோ.

எல்லாரும் தெரிந்தும் பேசாமல் இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பள்ளியில் மிச்சமிருக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகிற வழி இன்னொரு சாதியினரின் தெரு வழியாகப் போகிறது, கோயில் திருவிழாவில் நடந்த தகராறு இன்னும் ஆறவில்லை. "பெரியவனே சைக்கிளை விட்டு இறங்கி நடக்கணும்ங்கிற தெருவுல ஏழு வயசுப் பிள்ளைய எப்படிங்க அனுப்புறது" என்று ஒரு தகப்பனார் கூட்டத்தில் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை கொஞ்ச நாளில் இடைநிற்றல் பட்டியலில் வரும், அதற்கு ஒரு கணக்கெடுப்பு நடத்தி, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மே 1 கிராம சபையில் பள்ளியை மூடக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதத் தயங்கினார், பெண்கள் எல்லாரும் எழுந்து மேசையைச் சுற்றி நின்றதும் எழுதிவிட்டார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம், மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று போனுக்குச் செய்தி வந்தது, அதோடு சரி. அப்புறம் கல்விச் சீர் கொண்டுபோனோம். மேளம் முன்னால் போக, தாம்பாளத்தில் சாக்பீஸ், ஸ்கெட்ச் பேனா, சில்வர் தட்டு, டம்ளர், இரண்டு மின்விசிறி, ஒரு பீரோ என்று ஊரே தூக்கிக்கொண்டு போனது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற எங்கள் பையன்கள் ஜிபேயில் பணம் அனுப்பினார்கள். தலைமையாசிரியருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், இத்தனையையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமே என்ற கவலை ஒரு பக்கம்.

இதிலெல்லாம் உருப்படியான வேலை என்று நான் நினைப்பது எங்கள் குழுத் தலைவி செய்ததுதான். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போனோம். பள்ளிப் பதிவேட்டில் 11 பிள்ளைகள். நோட்டில் ஐந்திலிருந்து பத்து வயது வரை 34 பிள்ளைகள், அதற்குக் கீழே 19. அதாவது எங்கள் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேனில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டோம், என்ன செய்தால் திரும்ப இங்கே சேர்ப்பீர்கள் என்று. இரண்டு டீச்சர், ஆங்கில வழிப் பிரிவு, எல்.கே.ஜி., இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு டீச்சர் வந்தால் அடுத்த ஜூனில் சேர்க்கிறேன் என்று ஒன்பது வீட்டில் நோட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வேன் ஃபீஸ் கட்டவே வட்டிக்கு வாங்குகிற வீடுகள் அவை, சும்மா பேச்சுக்குப் போட்ட கையெழுத்து இல்லை. அந்த நோட்டின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "இதெல்லாம் எமிஸில் இல்லையேம்மா" என்றார்கள்.

பெற்றோர் கூடிப் போராடி என்ன ஆகப்போகிறது என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் மலாப்பறம்பு என்ற இடத்தில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன். அது உதவிபெறும் பள்ளி, லாபமில்லை என்று நிர்வாகி மூட நினைத்தார், 2014 ஏப்ரலில் இரவோடு இரவாகக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் காசு போட்டுத் திரும்பக் கட்டினார்கள். 2016-ல் நீதிமன்ற உத்தரவோடு மூட வந்தபோது வாசலில் உட்கார்ந்து மறித்தார்கள். கொஞ்ச நாள் அந்தப் பிள்ளைகள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் படித்தார்கள், கடைசியில் கேரள அரசே அந்தப் பள்ளியையும் அதே மாதிரி இன்னும் மூன்று பள்ளிகளையும் எடுத்துக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில் 50 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகளை ஜோடி சேர்க்க உத்தரவு வந்ததும் சீதாபூர் மாவட்டத்துப் பிள்ளைகள் பேரில் உயர் நீதிமன்றம் போனார்கள். தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், மேல்முறையீட்டில் அந்த மாவட்டத்தில் இருக்கிற நிலையே தொடர வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். ஜூலை மாத முடிவிலேயே, 1 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் இணைக்கமாட்டோம் என்று அரசு இறங்கி வந்தது. அவர்கள் ஊர்ப் பிள்ளைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் கால் ஒரே நீளம்தான்.

பத்துப் பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் சம்பளமா, மக்கள் வரிப்பணம் என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து வகுப்பிலும் சேர்த்துப் பத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் விளையாடக்கூட ஆள் கிடையாது, அது பிள்ளைக்கு நல்லதில்லை என்றும் சொல்வார்கள், அதுவும் வாஸ்தவம். நிஜமாகவே பிள்ளையே இல்லாமல் போன ஊர்கள் இருக்கின்றன, என் அம்மா ஊரில் கிழவன் கிழவிகளைத் தவிர யாருமில்லை, அங்கே பள்ளியைத் திறந்து வைத்து என்ன பண்ணுவது. 2019-ல் அப்படி ஒருத்தரும் சேராத நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்கினார்கள், 2025-ல் இருநூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்டதாகச் செய்தி வந்து பெரிய சத்தம் ஆனது. அதில் எத்தனை ஊரில் மந்தைக்கு வேன் வருகிறது என்று யாராவது பார்த்தார்களா? பிள்ளை இல்லாத ஊர் வேறு, பிள்ளை வேனில் போகிற ஊர் வேறு, இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதைத்தான் தவறு என்கிறேன்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது எவ்வளவு விளம்பரம் செய்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவராக ஒரு தாய். கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கழிப்பறை சுத்தம், மரக்கன்று, குடிநீர்த் தொட்டி பற்றியெல்லாம் எங்களைக் கேட்கிறார்கள். பள்ளியே இருக்குமா இருக்காதா என்பதை மட்டும் கேட்கமாட்டார்கள், அது எங்களுக்கு மூன்றாம் மனிதர் வழியாகத்தான் தெரிய வந்தது. எந்தப் பள்ளியை மூடுவதானாலும் அந்தக் குழு கூடித் தீர்மானம் போடாமல் மூடக் கூடாது என்று ஒரு அரசாணை போடட்டும். அதற்கு முன்னால் காலி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பி, எல்.கே.ஜி.யும் வைத்து, இரண்டு வருஷம் நடத்திப் பார்க்கட்டும். அதற்கும் பிள்ளைகள் வரவில்லை என்றால் சாவியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலில் இருக்கிற ஏதாவது நாலு ஊருக்கு உங்கள் செய்தியாளரை அனுப்புங்கள். அலுவலகத்தில் கொடுக்கிற காகிதத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம், காலை ஏழு மணிக்கே போய் வேனில் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று எண்ணட்டும். எங்கள் ஊருக்கு வருவதானால் அந்த நோட்டைக் காட்டுகிறோம், கண்மாய்க் கரையிலும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். எனக்கு ஒன்றும் பயமில்லை, தலைமையாசிரியர் ஓய்வுபெற இன்னும் சில வருஷம் இருக்கிறது, ஊர்க்காரர்களைத் தூண்டிவிட்டார் என்று அவர் மேல் ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. அவர் எங்களைத் தூண்டவில்லை என்பதையும் இதில் எழுதிவிடுகிறேன், மனுவையே அவருக்குக் காட்டாமல்தான் கொண்டுபோனோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஒரு தாய்